10டி-9: ஒரு கறுப்பு வில்லையின் பயணம்

பழுதான டீவி ஒன்றின் பின்மூடியைக் கழற்றினால், கரண்ட் உள்ளே நுழையும் மூலையில் முதலில் பியூஸ் இருக்கும். அதை அடுத்து ஒரு கறுப்பு வில்லை இரண்டு கம்பிக்காலில் நிற்கும். அதன் முகத்தில் வெள்ளை எழுத்தில் 10டி-9 என்று அச்சடித்திருக்கும். பத்து என்பது 25 பாகை செல்சியசில் அதன் தடை, ஓம் கணக்கில். ஒன்பது அதன் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். சீனத் தொழிற்சாலைப் பட்டியல்களில் இதன் குலப்பெயர் எம்எஃப்72. திருத்துகிறவர் என்டிசி என்பார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர் வெப்பத்தடையி என்பார். மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்ற பேதமில்லாமல் டீவி, கணினி, அம்பிளிபையர் இருக்கும் வீடுகளில் இதுவோ இதன் உடன்பிறப்போ இருக்கிறது. வீட்டுக்காரருக்குத்தான் அது தெரியாது.

அதற்குச் சுவிட்ச் போடும் கணத்தில்தான் வேலை. உள்ளே பாய வரும் கரண்டை மறிக்க வேண்டும், மறித்த பிறகு வழிவிட வேண்டும். சுட்டெடுத்த ஒரு மண்துண்டு இந்த இரண்டையும் எவருடைய கட்டளையும் இல்லாமல் செய்கிறது.

எதற்காக மறிக்க வேண்டும்? பழைய அம்பிளிபையர்களில் இரும்புத் தகடு அடுக்கிய பாரமான நிலைமாற்றி இருந்தது. மெயின்ஸ் கரண்டை முதலில் அது குறைக்கும், பிறகு சீராக்கி அதை நேரோட்டமாக்கும். இப்போதைய பவர் சப்ளைகள் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டன. 230 வோல்ற்று மாறலோட்டத்தை நேரே நேரோட்டமாக்கி ஒரு பெரிய கப்பாசிட்டரில் நிரப்புகின்றன. பிறகு அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சிறிய நிலைமாற்றி ஒன்றின் வழியாக வேண்டிய அளவுக்கு இறக்குகின்றன. வெட்டும் வேகம் கூடியதால் நிலைமாற்றி சிறுத்தது, பாரம் போயிற்று, வீணாகும் மின்சாரமும் குறைந்தது. 1977இல் வந்த அப்பிள் 2 கணினிக்கு ரொட் ஹோல்ட் செய்த பவர் சப்ளை இந்த வகையைச் சேர்ந்ததுதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வீட்டுச் சாமான் பெரும்பாலானவற்றில் இதுவே குடிபுகுந்துவிட்டது. கூடவே வாசலில் ஒரு வெறுங்குடலும் வந்து சேர்ந்தது. அதுதான் அந்தக் கப்பாசிட்டர்.

வெறுமையாக இருக்கும் கப்பாசிட்டர் முதற்கணத்தில் எதையும் மறிக்காது. நாம் 230 வோல்ற்று என்று சொல்வது ஒருவகைச் சராசரிதான். அலையின் உச்சி 325 வோல்ற்று. சுவர் வயர், பிளக், பியூஸ், சீராக்கியின் இருவாயிகள், கப்பாசிட்டரின் உள்தடை எல்லாம் சேர்த்து ஒன்றரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். அலை உச்சியில் நிற்கும்போது சுவிட்ச் விழுந்தால் 325ஐ 1.5ஆல் பிரித்துப் பாருங்கள், ஏறத்தாழ 217 அம்பியர். ஓடும்போது அரை அம்பியர்கூட எடுக்காத பெட்டிக்கு இது பெரிய கணக்கு. நேரம் குறுகியது, ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. 220 மைக்ரோபரட் கப்பாசிட்டர் ஒன்று நிரம்பும்போது அதில் சேரும் சக்தியும் 12 யூலைத் தாண்டாது. ஆனால் அந்தச் சிறு கணத்தில் இருவாயியின் சிலிக்கன், சுவிட்சின் தொடுமுனை, பியூஸின் இழை எல்லாம் அடி வாங்குகின்றன. ஒரு அடியில் அவை சாவது அபூர்வம். ஆயிரம் அடிக்குப் பிறகு சாகும். லப்டொப் சார்ஜரைச் செருகும்போது நீலப் பொறி தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் தெறிக்கும், சில நாள் தெறிக்காது. அலை உச்சியில் இருக்கும்போது செருகினீர்களா, சுழியத்தைக் கடக்கும்போது செருகினீர்களா என்பதுதான் வித்தியாசம்.

இந்தப் பாதையில் பத்து ஓம் வில்லையைத் தொடராகப் போட்டால் மொத்தத் தடை 11.5 ஓம் ஆகிறது, உச்ச ஓட்டம் 28 அம்பியருக்கு இறங்குகிறது. இந்த வேலைக்குப் போடும் இருவாயிகள் அதைத் தாங்கும். அதன்பின் ஓடும் கரண்ட் வில்லையைச் சூடாக்குகிறது, சூடு ஏற ஏறத் தடை விழுகிறது. வில்லை தாங்கக்கூடிய முழு ஓட்டமான இரண்டு அம்பியரில் பத்து ஓம் ஏறக்குறைய அரை ஓமாகச் சுருங்கிவிடும்.

வாவிக்கரை ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த முகத்துவாரம் போதும். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் தண்ணி ஏறும்போது, கடலை மறித்துக் கிடக்கும் மணற்திட்டை வெட்டிவிடுவார்கள். முதலில் வெட்டுவது ஒடுங்கிய வாய்க்கால்தான். தண்ணி அதில் திக்கித்திக்கித்தான் போகும். போகிற தண்ணியே மணலை அரித்து வாயை அகலிக்கும். வாய் அகல அகல ஓட்டம் கூடும். ஓட்டம் ஓய்ந்த பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து திரும்ப மூடும், ஆனால் உடனே மூடாது. வில்லையும் கரண்ட் நின்ற கையோடு பத்து ஓமுக்குத் திரும்பாது. ஆற வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். வில்லையின் வில்லங்கம் முழுவதும் இந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம், முதலில் அது பிறந்த கதை.

பரம்பரை மைக்கேல் பரடேயில் தொடங்குகிறது. 1833இல் லண்டனில் வெள்ளிச் சல்பைட்டைச் சூடாக்கிப் பார்த்தவர், சூடேறும்போது அது மின்னைக் கூடுதலாகக் கடத்துவதையும் ஆறியதும் குறைவாகக் கடத்துவதையும் கண்டார். உலோகங்களின் குணம் இதற்கு நேர் எதிர். குறைகடத்தி என்று இன்று நாம் அழைக்கும் கூட்டத்தின் முதல் தடயங்களில் ஒன்று அது. ஆனாலும் நூறாண்டு அளவுக்கு அது ஆய்வுகூடத்துப் புதினமாகவே கிடந்தது.

அதற்குத் தொழில் கொடுத்தது ரேடியோ. 1930களில் விலை குறைந்த வால்வு ரேடியோக்களில் நிலைமாற்றி இல்லை. வால்வுகளின் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரே மெயின்சில் மாட்டினார்கள். குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு, சுவிட்ச் போட்டதும் ஓட்டம் எகிறும், அலைவரிசைத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறுவிளக்கு எரிந்துபோகும். ஜெர்மனியில் இதற்கு யுரேனியம் டயொக்சைட்டைக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்து ‘உர்டொக்ஸ்’ என்ற பெயரில் போட்டார்கள். அணுகுண்டுக்கு முன்பே யுரேனியம் வரவேற்பறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறது! இங்கிலாந்தில் இதே வேலைக்கு வந்தது ‘பிரிமிஸ்டர்’. ஆகவே தொடக்கக் கரண்டை அடக்குவது இந்தக் குலத்துக்குப் புதிதாகக் கொடுத்த பதவி இல்லை, அப்பன் பாட்டன் பார்த்த உத்தியோகம்.

அமெரிக்காவில் சாமுவேல் ரூபன் 1930இல் விற்பனைக்கு ஏற்ற வெப்பத்தடையியைச் செய்தார். பெல் ஆய்வுகூடத்தில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஒட்சைட்டுகளைக் கலந்து சுட்டு அதை ஒரு நம்பகமான பொருளாக்கினார்கள். பெக்கர், கிரீன், பியர்சன் என்ற மூவர் 1946இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. அவர்களுக்குத் தேவைப்பட்டது தொலைபேசிக்கு. வெயிலிலும் பனியிலும் நீளக் கிடக்கும் கேபிளில் வெப்பம் மாறினால் குரலின் பலமும் மாறும், அதைச் சரிக்கட்ட வெப்பமறியும் தடை ஒன்று வேண்டும். அந்த மூவரில் ஜெரல்ட் பியர்சனை இன்னொரு காரியத்துக்காக உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1954இல் சப்பின், புல்லர் ஆகியோரோடு சேர்ந்து சிலிக்கன் சூரியக் கலத்தைச் செய்தவர் அவர்தான். ஆரையம்பதியில் ஒரு வீட்டுக் கூரையில் சோலார் பலகை இருந்து, கீழே டீவிக்குள் இந்த வில்லையும் இருந்தால், இரண்டிலும் அவர் கை பட்டிருக்கிறது. புத்தகங்கள் கூரைக்கு மட்டும் அவருக்குப் பெயர் கொடுக்கின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

டீவிக்குள் வில்லை வந்தது உடனே அல்ல. ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய 1982ஐ ஒட்டி வந்த கலர் டீவிகள் பலவற்றில் இந்த இடத்தில் வெள்ளைச் சீமெந்துக் கட்டி ஒன்று இருந்தது. கம்பி சுற்றிய சாதாரண தடை. மறிப்பதில் குறைவில்லை, வழிவிடத்தான் தெரியாது. டீவி ஓடும் நேரமெல்லாம் கரண்டைத் தின்று சூடு கக்கிக்கொண்டே இருக்கும். வெப்பத்தடையி வந்த பிறகு அந்த வீண்செலவு பெருமளவு நின்றது. அதே டீவிகளைப் போட்டதும் ‘ங்ஙொய்ங்’ என்று ஒரு அதிர்வொலி கேட்குமே, அதுவும் ஒரு வெப்பத்தடையியின் வேலை. அது எதிர்க்குலம், சூடேறினால் தடை கூடும் பீடிசி. படக்குழாயில் ஏறிய காந்தத்தைக் கலைக்கச் சில கணம் கரண்டை விட்டு, பிறகு தானே கதவடைக்கும்.

இனி நம்முடைய 10டி-9இன் சொந்தப் பிறப்பு. உடம்பில் பெரும்பங்கு மாங்கனீசு. அந்தத் தாதுவை உலகுக்கு அதிகம் கொடுப்பவை தென்னாபிரிக்கா, காபொன், அவுஸ்திரேலியா. நிக்கலில் முன்னே நிற்பது இந்தோனேசியா, கோபால்ட்டில் கொங்கோ. இவற்றின் ஒட்சைட்டுப் பொடிகளை நனைத்து அரைத்து, உலர்த்தி, அச்சில் அழுத்தி வில்லையாக்கி, ஆயிரம் பாகைக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். சூளையை விட்டு வரும்போது அது ஒரு பளிங்குக் கட்டமைப்பாக இறுகியிருக்கும். அதற்குள் மாங்கனீசு அணுக்கள் சில மூன்று ஏற்றத்தோடும் சில நான்கு ஏற்றத்தோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இலத்திரன் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ முடியும், ஆனால் தாவுவதற்குச் சூட்டின் உந்தல் வேண்டும். குளிரில் தாவல் குறைவு, தடை அதிகம். சூட்டில் தாவல் மிகுதி, தடை சொற்பம். வில்லையின் வித்தை இவ்வளவுதான்.

பிறகு இரண்டு முகத்திலும் வெள்ளிப் பூச்சு, ஈயம் பூசிய கம்பிக் கால்கள், மேலே பிசின் உறை, அதன்மேல் எழுத்து. ஜப்பான், தாய்வான், ஆஸ்திரியாவில் பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் நமது சந்தைக்கு மலிவாக வந்து குவிவது சீனச் சரக்கு. அச்சடித்த பத்து ஓம் பத்தாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நூற்றுக்கு இருபது கூடலாம், குறையலாம் என்பது இந்த வகைக்கு ஒத்துக்கொண்ட வரம்பு.

அங்கிருந்து அது இரண்டு வழியில் இலங்கைக்கு வருகிறது. ஒன்று, தொழிற்சாலையிலேயே பலகையில் ஈயம் வைத்து, டீவிக்குள்ளோ கணினிக்குள்ளோ அடைபட்டுக் கொள்கலனில் கொழும்புத் துறைமுகத்துக்கு. மற்றது, பிளாஸ்டிக் பையில் உதிரியாகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு. இலத்திரனியல் சாமான் தேடுகிறவர்கள் எல்லாரும் மிதிக்கும் தெரு அது. அங்கிருந்து லொறியிலும் பஸ் பார்சலிலும் தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை கடந்து எங்கள் மாவட்டத்துக்குள் நுழைந்து, வாழைச்சேனை, ஏறாவூர், மட்டக்களப்பு நகரம், கல்லடிப் பாலத்துக்கு அப்பால் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று கடைகடையாகப் பிரிகிறது.

வாவியின் மேற்குக் கரைக்கு அது போய்ச் சேரப் பிந்தியது. வில்லைக்கு முன் கரண்ட் போக வேண்டுமே! போர்க்காலம் முழுவதும் படுவான்கரையின் பல ஊர்களில் மின்கம்பம் இல்லை. குப்பி விளக்கு, கார் பற்றரி, எப்போதாவது ஜெனரேற்றர். 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகுதான் கம்பிகள் அந்தப் பக்கம் நீளத் தொடங்கின. ஒரு தலைமுறை பிந்தி வந்த டீவிகள் வந்த அன்றே பவர் சப்ளையோடும் வில்லையோடும் வந்தன. எழுவான்கரை கண்ட சீமெந்துக் கட்டியைப் படுவான்கரையின் பல வீடுகள் காணவே இல்லை.

வந்த இடத்தின் சுவாத்தியம் வில்லைக்கு ஒத்துவருவது இல்லை. பத்து ஓம் என்பது 25 பாகைக்கு எழுதிய கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் நிழலிலேயே 35 பாகை வரும். இவ்வகை வில்லைகளின் வழக்கமான குணகத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்தச் சூட்டில் பத்து ஓம் ஏழு ஓம் சொச்சமாகிவிடுகிறது. தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் டீவிப் பெட்டிக்குள் 45 பாகை இருந்தால் ஐந்து ஓம் சொச்சம். அதாவது டீவியைப் போடுவதற்கு முன்பே வில்லை தன் பலத்தில் பாதியை இழந்துவிட்டது. முன்னே சொன்ன 28 அம்பியர் அப்போது 48 அம்பியர். பரவாயில்லை, தாங்கும். ஆனால் 25 பாகைக்கு வடிவமைத்த ஒரு சாமான் எங்கள் கரையில் வெயில் நேரத்தில் அரைப் பலத்தோடுதான் வேலைக்குப் போகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். திருத்துகிறவர்கள் இன்னொன்றும் கண்டிருப்பார்கள். ஓடும்போது வில்லை நூறு பாகையையும் தாண்டிச் சுடுவதால் அதன் காலடியில் பலகை கருகிப் பழுப்பேறியிருக்கும், ஈயம் வெடித்திருக்கும். உப்புக் காற்றும் ஈரமும் அந்த வெடிப்பில் புகுந்தால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் கப்பாசிட்டரை ஒட்டி வைத்த பலகை என்றால் அதுவும் சேர்ந்து வேகும். பத்துப் பாகை கூடினால் கப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருக்கும் கைக்கணக்கு.

இனி அந்த இரண்டு நிமிடம்.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஊரை ஏ, பி, சி என்று குழுக்களாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். அட்டவணை பார்த்துச் சோறு சமைத்த காலம் அது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியில் பட்டதால் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். பல மணி நேரத்துக்குப் பிறகுதான் கரண்ட் திரும்பியது. இந்த இரண்டும் செய்தித்தாளில் தலைப்பாக வந்தன, இன்னும் பேசுகிறோம். ஆனால் வில்லைக்கு இவற்றால் ஒரு தீங்கும் இல்லை. மணிக்கணக்கில் கரண்ட் நின்றால் அது நன்றாக ஆறி, பழைய பலத்தோடு அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராக நிற்கும்.

அதைக் கொல்வது யாரும் எழுதாத ஒன்று. மாரியில், வாடைக்காற்றில், கம்பியில் ஒரு தென்னோலை உரசுகிறது. அல்லது கரையோரத்தில் மின்கம்பத்துப் பீங்கானில் படிந்த உப்பு ஈரமாகிப் பொறி பாய்கிறது. மின்பாதையின் தானியங்கி வெட்டி ஒருகணம் திறந்து, சில செக்கனில் தானே மூடுகிறது. விளக்கு மின்னி மீள்கிறது. “போய் வந்திட்டுது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அந்த ஒருகணத்தில் டீவிக்குள் நடந்தது வேறு. ஓடிக்கொண்டிருந்த பவர் சப்ளை தன் கப்பாசிட்டரை மிகச் சொற்ப நேரத்தில் உறிஞ்சி வெறுமையாக்கிவிட்டது. வில்லையோ இன்னும் சுடுகிறது, தடை கீழேயே கிடக்கிறது. திரும்பி வரும் கரண்ட் வெறுமையான கப்பாசிட்டரைக் காண்கிறது, நடுவே மறிக்க ஆளில்லை. முழுச் சூட்டில் இருந்த வில்லை என்றால் அரை ஓமும் ஒன்றரை ஓமும் இரண்டு, உச்சியில் 160 அம்பியருக்கு மேல். வில்லையே இல்லாவிட்டால் 217. காவல் இருந்தும் இல்லாத நிலைதான்.

மின்னி மின்னி வரும் இரவில் இது ஒருதடவையோடு நிற்காது. மூன்று நான்கு தடவை அடுத்தடுத்து விழும். மறுநாள் காலை திருத்தும் கடைகளில் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“தம்பி, ராவு கரண்ட் போய்ப் போய் வந்திச்சி, மறுகா டீவி ஓணாகுதில்ல.”

“பாத்துக்கொண்டிருக்கக்குள்ளயா அக்கா போன?”

“ஓம், நாடகம் போகக்குள்ள.”

அந்த ஒரு கேள்வியில் நோயின் பாதி பிடிபட்டுவிடும். ஓடாமல், ரிமோட்டால் அணைத்து வைத்திருந்த டீவி என்றால் வில்லை அநேகமாக ஆறியே இருந்திருக்கும். ஓடிக்கொண்டிருந்தது என்றால் பியூஸ், சீராக்கி, வில்லை என்று வாசலிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும். செத்த வில்லையைக் கண்டுபிடிக்க மீற்றர்கூடத் தேவையில்லை. உறை வெடித்திருக்கும், அல்லது வில்லையே இரண்டாகப் பிளந்திருக்கும்.

இங்கேதான் நான் ஒரு வழக்கத்தோடு சண்டை பிடிக்க விரும்புகிறேன். கையில் வில்லை இல்லாதபோது அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு ஈயம் வைத்துவிடுவது. டீவி உடனே ஓடும். வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுத்துப் போவார். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும், ஆறிய நேரத்திலும், முழு அடியும் சீராக்கிக்கும் சுவிட்சுக்கும் போகிறது. சில மாதத்தில் அதே டீவி வேறு பழுதோடு திரும்பி வரும். வந்தவர் டீவியைக் குறை சொல்வார், கம்பியை யாரும் நினைக்க மாட்டார்கள். அந்த வில்லையின் விலையோ ஒரு பால்தேத்தண்ணியின் விலையைத் தாண்டாது.

கம்பி போடாமல் வில்லை போடுகிறவர்களும் இரண்டு இடத்தில் தடுக்குவதுண்டு. முதலாவது, எழுத்தின் குழப்பம். பியூசுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நீல நிறத்தில் இன்னொரு வில்லை இருக்கும். அதில் 10டி471 என்று எழுதியிருக்கலாம். அது வேறு சாதி, வோல்ற்றளவு எல்லை மீறினால் தன் உடம்பில் வாங்கி பியூசை எரிக்கும் வரிஸ்ரர். அது இரண்டு கம்பிக்கும் குறுக்கே நிற்கும், நம்மாள் ஒரு கம்பியில் தொடராக நிற்கும். 10டி என்ற தொடக்கத்தைப் பார்த்து இடம் மாற்றிப் போட்டால் ஒரு திசையில் டீவி ஓடாது, மற்றத் திசையில் போட்ட கையோடு வெடிக்கும். மின்னலுக்காகக் கடையில் வாங்கும் பாதுகாப்புப் பிளக்கிலும் இருப்பது அந்த நீலச் சாதிதான். தொடக்கப் பாய்ச்சலுக்கு அது மருந்தில்லை.

இரண்டாவது, ஓம் கூடினால் காவலும் கூடும் என்ற நினைப்பு. 5டி-9 இருந்த இடத்தில் 10டி-9 போட்டால் மறிப்பு இரட்டிப்பாகும், உண்மைதான். ஆனால் முந்தியது மூன்று அம்பியர் தாங்கும், பிந்தியது இரண்டுதான் தாங்கும். பெரிய அம்பிளிபையரில் அப்படிப் போட்டால் வில்லை நின்று வெந்து சாகும். ஓம் கூட வேண்டுமென்றால் விட்டமும் கூட வேண்டும், 10டி-11க்குப் போக வேண்டும்.

வில்லையின் இந்தப் பலவீனம் பொறியியலாளர்களுக்குத் தெரியாததல்ல. விலை கூடிய சாமானில் வேறு ஏற்பாடு உண்டு. இன்வேர்ட்டர் ஏசியின் பலகையிலும், கூரைச் சோலாரின் இன்வேர்ட்டர்கள் பலவற்றிலும், முதலில் ஒரு தடை வழியாகக் கப்பாசிட்டரை மெதுவாக நிரப்பிவிட்டு, நிரம்பியதும் ரிலே ஒன்று அந்தத் தடையைக் குறுக்கால் கடந்துவிடும். போட்ட சிறிது நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்பது அந்த ரிலே. கரண்ட் போனால் ரிலே விழும், தடை திரும்பவும் வழியில் நிற்கும், ஆறக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏசிகளில் அந்தத் தடையாக எதிர்க்குலத்துப் பீடிசியை வைப்பதுண்டு. ரிலே பழுதானாலும் பீடிசி தானே சூடேறி ஓட்டத்தை நெரித்துவிடும். நல்ல மூளை. ஆனால் மலிவு டீவியிலும் கணினியிலும் ரிலேக்கு இடமும் இல்லை, காசும் இல்லை. அங்கே கறுப்பு வில்லையே இன்னும் பல காலம் நிற்கும்.

ஒரு பலகையில் நடப்பது கூட்டமாகவும் நடக்கும். கோயில் திருவிழாவுக்கு எல்ஈடி விளக்குகளை நாற்பது ஐம்பதாக ஒரே ட்ரிப் சுவிட்சில் கோத்துவிடுகிறார்கள். விளக்கு ஒவ்வொன்றும் சொற்ப வாற்றுத்தான், கூட்டிப் பார்த்தால் சுவிட்சின் அளவுக்குள்தான் வரும். ஆனால் விளக்குக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் எல்லாம் ஒரே கணத்தில் வாய் திறக்கும். சீ வகை ட்ரிப் சுவிட்ச் தன் அளவில் 5 முதல் 10 மடங்கு ஓட்டத்தைக் கண்டால் கண நேரத்தில் விழும்படி செய்தது. ஜெனரேற்றர் எடுத்ததும் விழும், தூக்கிவிட்டால் திரும்ப விழும். பெரிய சுவிட்ச் மாற்றத் தேவையில்லை. வரிசை வரிசையாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் போதும். பழகிய லைற்காரர் அப்படித்தான் செய்வார்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். மழை இரவில் விளக்கு ஒருதடவை மின்னினால் அடுத்ததும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீவியையும் கணினியையும் ரிமோட்டால் அல்ல, சுவரில் அணையுங்கள். கரண்ட் நிலையாக வந்த பிறகு மூன்று நிமிடம் விட்டுப் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் கார்ட்டும் காரணம் வேறாக இருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது. திருத்தக் கொடுத்தால் பழைய வில்லையைக் கேட்டு வாங்குங்கள். புதிதாகப் போட்டதிலும் அதே எழுத்துத்தானா என்று பாருங்கள். அந்த இடத்தில் வெறும் கம்பி இருந்தால் காசு கொடுக்காதீர்கள்.